மருத்துவம் கற்பித்த மாமேதை அபூபக்ர் அர்-ராஸி



நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியே வைத்திருக்கின்றான் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்ற நற்செய்தியாகும். அம்மருந்தைத் தேடிக் கண்டறிவது மருத்துவரின் கடமை. கண்டறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் மாணவருக்கும் நோயாளிக்கும் கற்றுக்கொடுப்பது அதனினும் பெரிய கடமை. இவ்விரு கடமைகளையும் வாழ்நாள் முழுவதும் நிறைவேற்றியவர்தாம் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி அவர்கள். மேலைநாட்டார் இவரை ‘ரேஸஸ்’ என்று அழைத்தனர்.

பிறப்பும் கல்வியும்

ஈரானின் தலைநகரான தெஹ்ரானுக்கு அருகில் ரய் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அங்கே ஹிஜ்ரி 251ஆம் ஆண்டு (கி.பி. 865) இவர்கள் பிறந்தார்கள். ஊர்ப் பெயரே ‘ராஸி’ என்னும் பட்டமாயிற்று. இளமையில் இவர்களின் நாட்டம் இரசவாதத்தில் இருந்தது. மருத்துவத்தை இவர்கள் கற்கத் தொடங்கியது இளமைப் பருவம் கடந்த பின்னரே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். காலம் கடந்துவிட்டதே என்று தயங்காமல் கற்ற அவர்கள், முதலில் ரய் நகர மருத்துவமனைக்கும், பின்னர் அப்பாஸிய கலீஃபாக்களின் தலைநகரான பக்தாதில் இருந்த மருத்துவமனைக்கும் தலைமை மருத்துவரானார்கள். அக்காலத்தில் மருத்துவமனை ‘பீமாரிஸ்தான்’ எனப்பட்டது.

வட்டம் வட்டமாய் அமர்ந்த சபை

ராஸி அவர்களின் போதனை முறையை, ரய் நகர முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, இப்னு நதீம் தமது ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். சபையில் ராஸி அவர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அடுத்து அவர்களின் மாணவர்கள், அவர்களுக்கு அப்பால் அம்மாணவர்களின் மாணவர்கள், அதற்கும் அப்பால் இன்னும் இளைய மாணவர்கள் என வரிசை அமைந்திருக்கும். உள்ளே வரும் நோயாளி முதலில் கடைசி வரிசையில் இருப்போரிடம் தமது நோயைக் கூறுவார். அவர்களுக்கு விடை தெரிந்தால் அங்கேயே சிகிச்சை கிடைக்கும். தெரியாவிட்டால் அடுத்த வரிசையினரிடம் செல்வார். அவர்களாலும் இயலாதபோது ராஸி அவர்களே பேசுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் இருவகைப் பயன்கள் இருந்தன. இளைய மாணவர் ஏட்டில் படித்ததை உயிருள்ள நோயாளியின் முன்னிலையில் பயன்படுத்தக் கற்றார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு மூத்தவரிடம் அனுப்பவும் பழகினார். இரண்டாவது பாடமே பெரிய பாடம். அறியாமையை மறைக்கும் மருத்துவரிடம் அகப்பட்ட நோயாளிக்கு உயிரே அல்லவா விலையாகிறது! ஏழை நோயாளிகளிடம் இவர்கள் மிகுந்த இரக்கம் காட்டினார்கள் என்றும், அவர்களுக்குப் பொருளுதவி செய்து பராமரித்தார்கள் என்றும் அதே நூல் கூறுகின்றது.

ஆசிரியரையும் சோதித்த மாணவர்

கிரேக்க மருத்துவ அறிஞர் ஜாலீனூஸ் (கேலன்) எழுதியவையே அந்நாளில் மருத்துவத்தின் முடிந்த முடிபாகக் கருதப்பட்டன. ராஸி அவர்கள் அவரைத் தம் ஆசிரியராகவே மதித்தார்கள். ஆயினும், தம் மருத்துவமனைகளில் கண்ட காய்ச்சல்கள் பலவும் அவர் எழுதியபடி அமையாததைக் கண்டபோது, அதனை மறைக்காமல் ‘ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்’ என்று ஒரு நூலே இயற்றினார்கள்.

மூளை உறையில் ஏற்படும் அழற்சி நோயின் அறிகுறிகள் தென்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் இரத்தம் எடுத்து, மற்றொரு பிரிவினரை அவ்வாறு செய்யாமல் விட்டு, இரு பிரிவினரின் நிலையையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரத்தம் எடுப்பதை இன்றைய மருத்துவம் அந்நோய்க்குரிய சிகிச்சையாக ஏற்பதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தே ஒரு சிகிச்சையின் பயனை முடிவு செய்யவேண்டும் என்னும் நெறி இன்றும் மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படையாக விளங்குகின்றது.

பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றி அவர்கள் எழுதிய சிறுநூல் உலகப் புகழ் பெற்றது. தொடர் காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் அச்சம் ஆகியன பெரியம்மைக்கு முன்னோடிகள் என்றும், தட்டம்மையில் குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்து முதுகுவலி குறைந்திருக்கும் என்றும் அதில் பிரித்துக் காட்டினார்கள். அம்மை கண்டவரின் கண்களைப் பாதுகாக்கும் முறையையும் அதில் விளக்கியுள்ளார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் தடுப்பூசியின் துணையால் பெரியம்மை அடியோடு ஒழிக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1980ஆம் ஆண்டு அதனை அறிவித்தது.

மருத்துவர் இல்லாதவருக்கு ஒரு நூல்

ரய் நகர ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்கிற்கு ‘அல்மன்ஸூரி’ என்னும் பத்துப் பாகங்கள் கொண்ட மருத்துவ நூலை அவர்கள் காணிக்கையாக்கினார்கள். ஆளுநருக்கு எழுதிய அதே கை, அருகில் மருத்துவர் இல்லாத எளியவருக்கும் ஒரு நூல் எழுதிற்று. ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’ என்னும் அந்நூலுக்கு ‘ஏழைகளின் மருத்துவம்’ என்றும் பெயருண்டு. தலை முதல் பாதம் வரை வரும் நோய்களை வரிசைப்படுத்தி, எளிதில் கிடைக்கும் உணவுப் பொருள்களையும் மருந்துகளையும் கொண்டே தீர்வு கூறும் நூல் அது. மருத்துவ அறிவு மருத்துவருக்கு மட்டுமே உரியதன்று, நோயாளிக்கும் அதில் பங்குண்டு என்பதை அவர்கள் செயலால் காட்டினார்கள்.

போலி மருத்துவர்களை மக்கள் ஏன் நாடுகின்றனர் என்பதைப் பற்றியும், தேர்ந்த மருத்துவராலும் எல்லா நோய்களையும் குணப்படுத்த இயலாது என்பதைப் பற்றியும் தனித்தனியே எழுதினார்கள். அரசவை மருத்துவராகச் சென்ற தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய மடலில், நோயாளியின் இரகசியத்தைக் காக்கவும், செல்வருக்குச் செய்வது போலவே வறியவருக்கும் சிகிச்சை செய்யவும் அறிவுறுத்தினார்கள்.

இறுதிக் காலமும் எஞ்சிய ஏடுகளும்

ஓயாது படித்தும் எழுதியும் வந்த அவர்கள் முதுமையில் கண்பார்வையை இழந்தார்கள். ஹிஜ்ரி 313ஆம் ஆண்டு (கி.பி. 925) பிறந்த மண்ணாகிய ரய் நகரிலேயே மறைந்தார்கள். அவர்களின் மெய்யியல் கருத்துகள் சிலவற்றை மார்க்க அறிஞர்கள் கடுமையாக மறுத்துள்ளனர். எனினும் மருத்துவத்தில் அவர்கள் ஆற்றிய தொண்டை மறுத்தவர் எவருமிலர். அறிஞர் அல்பீரூனி அவர்கள் இவர்களுடைய நூல்களைத் தொகுத்து 184 நூல்களின் பட்டியலைத் தந்துள்ளார்கள்.

படித்தவை, கண்ட நோயாளிகள், கொடுத்த மருந்துகள், கிடைத்த பலன்கள் என அனைத்தையும் அவர்கள் குறித்து வைத்த ஏடுகள் நூல் வடிவம் பெறாமலே இருந்தன. அமைச்சர் இப்னுல் அமீத், அவற்றை ராஸி அவர்களின் சகோதரியிடமிருந்து பெற்று, மாணவர்களைக் கொண்டு தொகுக்கச் செய்தார். அதுவே ‘அல்ஹாவி’ என்னும் பெருநூலாகும். 1279ஆம் ஆண்டு அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவத்துக்கு வழிகாட்டிற்று. நம் நாட்டின் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் அதன் அரபு மூலத்தை 23 தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டது நமக்கெல்லாம் பெருமை. ஆசிரியர் கற்பித்த மாணவர்களே ஆசிரியரின் நூலைக் காத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

நமக்குரிய படிப்பினை

இன்று நம்மில் பலர், மருத்துவர் எழுதிய சீட்டில் உள்ள மாத்திரை எதற்கென்று அறியாமலே விழுங்குகின்றோம். கேட்டால் மருத்துவர் கோபிப்பாரோ என்று அஞ்சுகின்றோம். சற்றே குணம் கண்டதும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகின்றோம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு ஓடுகின்றோம். இவற்றுக்கெல்லாம் காரணம் வறுமை மட்டுமன்று, கற்பிப்பார் இல்லாமையும் ஆகும்.

நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் மருத்துவமும் செவிலியமும் மருந்தியலும் படிக்கின்றார்கள். அவர்கள் மாதம் ஒருமுறை, ஜும்ஆவிற்குப் பின் சிறிது நேரம் அமர்ந்து, முதியோரின் மருந்துச் சீட்டைப் படித்து விளக்கலாம். தாய்மார்களுக்குக் குழந்தைத் தடுப்பூசிகளின் அவசியத்தை எடுத்துரைக்கலாம். தமக்குத் தெரியாததை மூத்த மருத்துவரிடம் அனுப்பிவைக்கலாம். ராஸி அவர்களின் சபையும் இதைத்தானே செய்தது!

பயன்தரும் கல்வி, கற்பித்தவர் மறைந்த பின்னும் அவருக்கு நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும். அத்தகைய கல்வியைக் கற்கவும் கற்பிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.