மரக்கால் வீரர் ஜார்ஜ் ஐசர்

இருபத்தைந்து அடிக் கயிற்றில் ஏழே விநாடிகளில் ஏறிவிட முடியுமா? விடுதியின் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் எனக்கு அது வியப்புத்தான். 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அப்படி ஏறித் தங்கப் பதக்கம் பெற்றவருக்கு இடது கால் மரத்தாலானது.

அவர் பெயர் ஜார்ஜ் ஐசர். 1870இல் ஜெர்மனியில் கீல் நகரத்துக்கு அருகில் பிறந்தவர். பதினான்காம் வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். 1894இல் அந்நாட்டுக் குடிமகனானார். ரயில் விபத்தில் கால் போயிற்று என்பார்கள். செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு கட்டட நிறுவனத்தில் கணக்கெழுதிப் பிழைத்தார். அங்கே குடியேறிய ஜெர்மானியர் தங்கள் தேகப்பயிற்சியை விட்டுவிடாமல் சங்கங்கள் அமைத்திருந்தனர். வெளியூர் வந்தும் நாம் சங்கம் வைக்கிறோமல்லவா, அதுபோலத்தான்! அவற்றுள் ஒன்றான கான்கார்டியா சங்கத்தில் ஐசர் சேர்ந்தார்.

அதே நகரில் ஒலிம்பிக் நடந்தது. ஜூலை மாதப் போட்டியில் கம்பி, குதிரைப் பயிற்சிகளோடு ஓட்டம், நீளத் தாண்டல், குண்டு எறிதல் மூன்றும் சேர்ந்திருந்தன. பயிற்சிகளில் ஐசர் பத்தாவது. ஓட்டமும் தாண்டலும் கொண்ட பகுதியில் 118ஆவது, அதாவது கடைசி. இரண்டையும் கூட்டியதும் எழுபத்தோராம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வேறொருவராயிருந்தால் அத்தோடு கணக்குப் புத்தகத்துக்கே திரும்பியிருப்பார்.

ஐசர் அக்டோபரில் மறுபடி வந்தார். ஒரே நாளில் ஆறு பதக்கங்கள்! இணைக் கம்பியிலும் கயிறேற்றத்திலும் தங்கம், குதிரை தாண்டலில் ஆன்டன் ஹைடாவோடு பங்கிட்டுக்கொண்ட தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம்.

கால் இல்லாததால் பாரம் குறைவு, ஏறுவது சுலபம் என்று பௌதிகம் படிக்கும் நண்பர் ஒருவர் கணக்குப் போட்டார். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஒருபக்கம் கனம் மாறிய உடலை இணைக் கம்பியில் சமனாக நிறுத்த வேண்டாமா? குதிரை தாண்டலுக்கு ஓடிவந்து எழும்ப வேண்டுமே! அன்று உந்துபலகையும் கிடையாது. நண்பரிடம் பதில் இல்லை.

பின்னரும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1908இல் பிராங்க்பர்ட்டிலும் 1909இல் சின்சினாட்டியிலும் வென்ற கான்கார்டியா குழுவில் அவரும் இருந்தார்.

1919 மார்ச்சில் டென்வர் நகரில் ஐசர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது நாற்பத்தெட்டு. காலை இழந்த இன்னொருவர் 2008இல் ஒலிம்பிக்கில் போட்டியிட்டார்: தென்னாப்பிரிக்க நீச்சல் வீராங்கனை நட்டாலி டு டாய்ட், பெய்ஜிங் நகரில்.