குதிரையும் பூமாலையும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரை மணி நேரப் பயணம்தான். ஏறும்போது சக பயணிகளின் தெலுங்குப் பேச்சு காதில் விழும். இறங்கும்போது ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் படும். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பொருளியல் வகுப்பில் அயல்நாட்டு வாணிபத்தை ஆடம் ஸ்மித்திலிருந்தே தொடங்கிப் பழகியவன் நான். அவருக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் முன்பே ஒரு மன்னர் அதே பொருள் குறித்துச் சிந்தித்தார் என்பதையும், அச்சிந்தனையை நம் ஆண்டாளின் கதைக்குள் வைத்தார் என்பதையும் ஓய்வுபெற்ற பிறகே ஊன்றிப் படித்தேன்.

அவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். துளுவ மரபினர், நரச நாயக்கரின் மகன். அண்ணன் வீர நரசிம்மருக்குப் பின் 1509-இல் அரியணை ஏறினார். வடக்கே பிஜப்பூர் சுல்தான், கிழக்கே கலிங்கத்து கஜபதி, மேற்கே 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் என மூன்று வலிமைகளுக்கு நடுவே ஆள வேண்டிய நிலை அவருக்கு.

அன்றைய போரில் குதிரையே வலிமை. நல்ல குதிரைகளோ அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் கடந்து வரவேண்டும். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்திறங்கியதை 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். கிருஷ்ணதேவராயருக்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மர், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தார் என்கிறார் போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் நூனிஸ். கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால், பயணத்தின் இடரை வாங்குபவரே ஏற்றுக்கொள்ளும் காப்பீடு அன்றி அது வேறென்ன? விஜயநகர மன்னர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கியதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

இந்த வாணிபமே ஒரு போருக்கும் காரணமாயிற்று. நூனிஸின் கூற்றுப்படி, கோவாவில் குதிரை வாங்க 40,000 பொற்காசுகளுடன் அனுப்பப்பட்ட முஸ்லிம் வணிகர் ஒருவர் பிஜப்பூருக்கு ஓடிவிட்டார். அவரை ஒப்படைக்க சுல்தான் மறுத்தார். 1520-இல் ராய்ச்சூரில் போர் மூண்டது. அதில் ராயருக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர், குதிரைகளுடன் வந்திருந்த போர்ச்சுகீசியரான கிறிஸ்தவாவ் டி ஃபிகெய்ரெடோ. ஏமாற்றியவரும் அயல்தொடர்புடைய வணிகர். கைகொடுத்தவரும் அயல் வணிகர். ஒருவர் செய்த துரோகத்துக்காக ராயர் அனைவருக்கும் கதவை அடைத்துவிடவில்லை.

ஏன் அடைக்கவில்லை என்பதற்கு விடை அவர் தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யத'வில் இருக்கிறது. சூடிக்கொடுத்தவள் என்பது அப்பெயரின் பொருள். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா ஆற்றங்கரை ஸ்ரீகாகுளத்தில் திருமால் கனவில் தோன்றி, ஆண்டாளின் திருமணக் கதையைப் பாடப் பணித்ததாக நூலின் தொடக்கத்தில் அவரே கூறுகிறார். துளுவ மரபில் வந்தவர் தெலுங்கில் பாடியது ஒரு தமிழ்ப் பெண்ணின் காதலை.

அந்நூலின் அரசநீதிப் பகுதி, துறைமுகங்களைச் செம்மையாகப் பேணி வாணிபத்தை வளர்க்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் தொலைநாட்டு வணிகருக்கு ஊர்களும் உறைவிடங்களும் அளித்து, நாள்தோறும் காட்சி தந்து, நியாயமான இலாபம் பெறவிட்டால், அச்சரக்குகள் பகைவரைச் சென்று சேரா என்கிறது. அதே நூல், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் அடியாருக்கு அமுது படைத்ததை விரிவாகப் பாடுகிறது. மழைக்காலத்தில் தேங்காய் ஓட்டை எரித்துச் சமைத்த சோறும் பருப்பும் வற்றலும், கோடையில் கரும்புச்சாறும் இளநீரும் நீர்மோரும் அதில் உண்டு. வந்தவரை மதித்தல் என்ற ஒரே அறத்தின் இரு முகங்களாகவே இவ்விரு பகுதிகளையும் நான் படிக்கிறேன்.

குறையும் உண்டு. குதிரைக்காகப் பெருஞ்செல்வம் வெளியேறியது. கடல்வழியோ போர்ச்சுகீசியர் பிடியில் இருந்தது. வணிகரை வரவேற்ற அரசு, அவர்கள் வரும் வழியைத் தன் வசப்படுத்தவில்லை. ராயரின் இறுதிக்காலமும் துயரமானது. இளம் மகன் இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற ஐயத்தில், தம்மை அரியணை ஏற்றிய அமைச்சர் சாளுவ திம்மரசுவையே சிறையிட்டார் என்கிறார் நூனிஸ். தொலைநாட்டு வணிகரை நம்பலாம் என்று எழுதியவர், அருகிருந்தவர் மீதான நம்பிக்கையை இழந்து 1529-இல் மறைந்தார்.

இன்றும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலை செல்கிறது. அங்கே கோயிலுக்குள், இரு தேவியருடன் கைகூப்பி நிற்கிறது கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலை. மாநிலமும் மொழியும் கடந்து போகிறது அந்த மாலை. அயலார் என்றதும் ஐயுறவும், வேற்றுமொழி என்றதும் விலகவும் பழகிவரும் நாம், அந்த வழி எப்படி உருவாயிற்று என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.