பட்ட கிளையும் பாவலர் டன்பாரும்

அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்தபின் பிறந்த கறுப்பினத்தாருள் நாடெங்கும் பெயர் பெற்ற முதற் பாவலர் பால் லாரன்ஸ் டன்பார் ஆவார். இவர் 1872-ம் ஆண்டு ஜூன் திங்கள் 27-ம் நாள் ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் கெண்டக்கி மாகாணத்தில் அடிமைகளாயிருந்தோர். தந்தையார் அத்தளையினின்று தப்பி, உள்நாட்டுப் போரில் வடவர் படையிற் சேர்ந்து பொருதவர். தாயார் மட்டில்டா அம்மையார் பிறர் ஆடைகளை வெளுத்துக் கொடுத்து மகனை வளர்த்தார். அவர் இரவில் சொல்லிய பழங்கதைகளே பிள்ளைக்கு முதற் பாடமாயின.

டேட்டன் உயர்தரப் பள்ளியில் டன்பார் தம் வகுப்பின் ஒரே கறுப்பின மாணவர். ஆயினும் பள்ளி இதழுக்கு ஆசிரியராய் விளங்கினார். பின்னாளில் வானவூர்தி கண்ட ஆர்வில் ரைட் அவர்தம் பள்ளித் தோழர். ரைட் சகோதரர் நடத்திய சிற்றச்சகத்திலேயே டன்பாரின் செய்தித்தாள் 1890-ல் அச்சாகி, சில இதழ்களோடு நின்றது. கல்வி முடிந்ததும் எழுத்து வேலை நாடி அலைந்தார், நிறமே தடையாயிற்று. இறுதியில் வாரம் 4 டாலருக்கு லிப்டு இயக்கும் வேலையில் அமர்ந்தார். தம் முதற் கவிதை நூலைக் கடனுக்கு அச்சிட்டு, லிப்டில் ஏறியவர்களுக்கே படி ஒரு டாலராக விற்று அக்கடனைத் தீர்த்தார். இவ்வாறு நூல் விற்ற பாவலர் வேறொருவரை நாம் அறியோம்.

1896-ல் ஹவெல்ஸ் என்னும் பெருந்திறனாய்வாளர் அவரைப் புகழ்ந்தெழுதினார். புகழ் ஒரே நாளில் வந்தது. துன்பமும் அதனுடன் வந்தது. ஹவெல்ஸ் சிறப்பித்தவை, தோட்டத்து அடிமைகளின் வழக்குமொழியில் அமைந்த நகைச்சுவைப் பாடல்களே. அதன்பின் வெளியீட்டார் அவற்றையே கேட்டனர். செந்நடையில் அவர் பாடியவற்றை மதித்தார் சிலரே. தம்மைச் சிரிப்பு மூட்டுபவராகவே உலகம் காண்கிறது என்று அவர் இறுதிவரை வருந்தினார்.

அச்சிரிப்பில் ஒன்றும் கலவாத செய்யுள், பேய் பிடித்த ஓக்கு மரத்தைப் பற்றியது. 1900-ல் திங்களிதழ் ஒன்றில் வெளிவந்து, 1903-ல் நூலில் இடம்பெற்றது. அக்காலத்தே கறுப்பின மக்களை வழக்கு முடிவின்றிக் கும்பலாகப் பிடித்து மரத்தில் தூக்கிக் கொல்லும் கொடுமை மலிந்திருந்தது. 1877 முதல் 1950 வரை அவ்வாறு மாண்டோர் 4,400-க்கும் மேற்பட்டவர் என்று பின்னை ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

செய்யுளில், பச்சை மரத்தில் ஒரு கிளை மட்டும் இலையின்றி நிற்பதேன் என வழிப்போக்கன் வினவ, அக்கிளையே விடை கூறுகின்றது. குற்றமற்ற ஒருவனைச் சிறையினின்று கொண்டு செல்லக் குதிரை வீரர் இரவில் வருகின்றனர். அவனைக் காக்க வந்த நண்பர் எனப் பொய்யுரைத்துக் காவலனை ஏய்க்கின்றனர். கயிறு தன் பட்டையில் அழுந்துவதையும், அவன் உடற்பாரத்தையும் உணர்ந்த கிளை, அவன் இறுதி வேதனையில் தன் சாவையும் உணர்கின்றது. அஃறிணைப் பொருள் பேசுவதாகப் பாடுதல் நம் இலக்கண நூலாருக்கும் உடன்பாடே. ஆனால் இங்கு அது வெறும் அணியன்று. கண்ட மனிதரெல்லாம் வாய் மூடியதனால், சான்று சொல்ல மரமே வரவேண்டியதாயிற்று. கொன்றவர்கள் வாழ்கின்றனர், கருவியாக்கப்பட்ட கிளையோ பட்டுப்போகின்றது. பழங் கதைப்பாட்டின் எளிய நடை இத்துணைக் கொடுமைக்குப் பொருந்தாதென்பாரும் உளர். நமக்கோ, தாலாட்டுப் போன்ற அந்நடையே அச்சத்தை மிகுவிப்பதாகத் தோன்றுகின்றது.

முகமூடி அணிந்து வந்தோர் யாவர்? நீதிபதி, மருத்துவர், தம் மூத்த மகனோடு வந்த போதகர். இவ்வடியை முதன்முறை படித்தபோது நாம் நூலை மூடிவிட்டோம். போதகர் என்னும் சொல்லை வீட்டிலும் ஆலயத்திலும் அன்போடு வழங்கி வளர்ந்தவர்கள் நாம். மகனை அழைத்து வந்ததுதான் மிகக் கொடிது. அடுத்த தலைமுறைக்கும் அவ்விரவு பாடமாகின்றது. பேதுரு அப்போஸ்தலர் சிலுவையை மரமென்றே கூறுவதை நடபடிகளிற் படித்திருக்கின்றோம். டன்பார் சிலுவையைக் குறிப்பிடவில்லை. எனினும் அக்கிளையைக் காணும்போது நம் நெஞ்சு அங்கேதான் செல்கின்றது. அந்நீதிபதி பின்னும் மான் வேட்டைக்குச் செல்கின்றான். அவன் ஆவியின்மேல் வேறொருவன் ஏறிச் செலுத்துகின்றான்.

பாவலரின் குறையையும் மறைத்தல் ஆகாது. 1898-ல் எழுத்தாளரான ஆலிஸ் மூர் அம்மையாரை மணந்தார். காசநோயும் குடியும் அவரைப் பற்றின. மனைவியைக் கொடுமையாய்த் துன்புறுத்தினார்; 1902-ல் அம்மையார் பிரிந்து சென்று மீளவில்லை. பிறர் பட்ட அடியை அத்துணை நுட்பமாய் உணர்ந்தவர் தம் வீட்டில் இவ்வாறு நடந்ததை நம்மால் ஒருவாறும் பொருத்திப் பார்க்க இயலவில்லை.

1904-ல் டேட்டனில் தாயாருக்கென வாங்கிய வீட்டிலேயே 1906-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் நாள் தம் 33-ம் அகவையில் அவர் காலமானார். தாயார் அவ்வீட்டில் 1934 வரை வாழ்ந்தார். உட்லண்டு கல்லறைத் தோட்டத்தில் பாவலரும், அவர்தம் செய்தித்தாளை அச்சிட்ட ரைட் சகோதரரும் துயில்கின்றனர்.