சட்டத்தரணி லிங்கன்

சட்டக்கல்வியை முடித்து வெளியேறும் இளைஞர், யாரை அடுத்துத் தொழில் பழகுவது என்று மயங்குதல் இயல்பு. பெரியவரை அடைந்தால் அவர் நிழலிலேயே நின்றுவிடுவோமோ என்றும், தனித்து நின்றால் வழக்கே வாராதோ என்றும் அவர் அஞ்சுவர். எமது கல்லூரியிலிருந்து அத்துறையை நாடும் இளைஞரை மனத்திற்கொண்டு, ஏபிரகாம் லிங்கனின் வாழ்க்கையில் ஒரு பகுதியை ஈண்டு கூற விழைகின்றோம். அமெரிக்க நாட்டின் சனாதிபதியாக அவரை அறியாதார் இலர். அவர் ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் சட்டத்தொழிலாற் சீவித்தவர் என்பதைச் சிந்திப்போர் சிலரே.

லிங்கன் 1809ஆம் ஆண்டு கெந்தக்கி மாநிலத்தில் ஓர் ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்தார். அவர் பள்ளிக்கூடத்திற் கழித்த நாட்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. இலினொய்ஸ் மாநிலத்து நியூ சேலம் என்னும் சிற்றூரில் ஒருவரோடு கூடி அவர் நடத்திய கடை நொடித்தது. கூட்டாளி இறந்தபின் அவர் பங்குக் கடனையும் தாமே ஏற்றுப் பல்லாண்டு உழைத்துத் தீர்த்தார். தபாலதிபராகவும் நில அளவையாளராகவும் வேலைபார்த்த அவரைச் சட்டம் பயிலுமாறு தூண்டியவர் ஜோன் ஸ்ருவாட் என்னும் சட்டத்தரணி. அவரிடமிருந்து நூல்களை இரவலாகப் பெறுதற்கு, ஏறக்குறைய 20 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்ட் நகருக்கு லிங்கன் சென்று வந்தார். ஆசிரியரின்றித் தாமே பயின்று, 1836இல் தொழில்புரியும் அநுமதி பெற்றார்.

அடுத்த ஆண்டு ஏப்பிரில் மாதம் இரவற் குதிரையொன்றில் ஏறி ஸ்பிரிங்பீல்ட் வந்தடைந்தார். படுக்கைக்கு வேண்டிய 17 டொலரும் கையில் இல்லாமையால், ஜோஷுவா ஸ்பீட் என்னும் வணிகர் தமது கடைக்கு மேலிருந்த அறையில் அவருக்கு இடமளித்தார். ஸ்ருவாட்டே அவரைக் கூட்டாளியாகவும் சேர்த்துக்கொண்டார். ஆயின் ஸ்ருவாட்டின் நாட்டமெல்லாம் அரசியலில் இருந்தது. 1839இல் அவர் கொங்கிரஸ் சபைக்குச் செல்லவே, காரியாலயப் பொறுப்பு முழுவதும் அநுபவம் குறைந்த லிங்கன் தலையிற் சுமந்தது. வழக்குகள் வந்தன, வழிகாட்டுவார் இலர்.

இக்குறையை உணர்ந்தே போலும், 1841இல் ஸ்ரீபன் லோகனோடு கூட்டுச்சேர்ந்தார். லோகன் நீதிபதியாக இருந்தவர்; நுணுக்கமும் ஒழுங்கும் மிக்கவர். பத்திரங்களைத் தொப்பிக்குள் செருகிவைக்கும் பழக்கமுடைய லிங்கன், வழக்கொன்றை முன்கூட்டியே ஆராய்ந்து ஆயத்தஞ் செய்யும் முறையை அவரிடமே கற்றார். ஆயினும் மூன்றாண்டில் லோகன் தம் மகனைச் சேர்த்துக்கொள்ள விரும்பியதால், அக்கூட்டும் முடிவெய்தியது.

இப்பொழுது லிங்கனுக்கு வயது முப்பத்தைந்து. புகழ்பெற்ற மற்றொருவரோடு சேர்ந்திருக்கலாம். அவரோ தம்மினும் ஒன்பது வயது இளையவரும், அப்பொழுதே தொழிலுக்குள் காலடி வைத்தவருமான வில்லியம் ஹேர்ண்டனைத் தெரிந்தார். ஊரார் வியந்தனர். மூத்தவர் பெரும்பங்கு கொள்ளுதலைப் பிழையெனக் கூறுவாரிலர். எனினும் ஊதியத்தைச் சரிபாதியாகவே பகிர்ந்தனர். 1857இல் புகையிரதக் கம்பனியொன்று தமக்குத் தரவேண்டிய வேதனத்தை லிங்கன் வழக்காடிப் பெற்றார். ஏறக்குறைய 4,800 டொலராகிய அப்பெருந்தொகையிலும் ஹேர்ண்டனுக்குப் பாதி சென்றது. 1847 முதல் 1849 வரை லிங்கன் கொங்கிரஸில் இருந்தபோதும், ஆண்டுதோறும் நீதிபதியோடு மாவட்டந்தோறும் வழக்காடச் சுற்றியபோதும், காரியாலயத்தைக் காத்தவர் அவ்விளைஞரே.

லிங்கனைக் குற்றமற்றவராகக் காட்ட முயல்வோமாயின் அது மெய்வரலாறாகாது. 1841இல் ஓர் இளம்பெண் அடிமையல்லள் என்று வாதாடி வென்ற அவரே, 1847இல் மற்சன் என்னும் அடிமையுடைமையாளர் சார்பில், ஒரு தாயையும் அவள் மக்களையும் மீண்டும் அடிமைத்தளைக்கு உட்படுத்த வாதாடினார். அவ்வழக்கில் அவர் தோற்றார்; அவர்கள் விடுதலை பெற்றனர். வந்த கட்சிக்காரர் எவராயினும் ஏற்றுக்கொள்வது தொழில் தருமமாகுமா என்னும் வினா அன்று தொட்டு இன்றுவரை நிற்கின்றது. தொழில் புகுவோர் அதனைத் தம் நெஞ்சிற் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

1861இல் சனாதிபதிப் பதவியேற்கப் புறப்படுமுன் லிங்கன் தமது காரியாலயத்துக்குச் சென்றார். இருவர் பெயரும் பொறித்த பலகையை அகற்றவேண்டாமென்றும், உயிரோடு மீண்டால் முன்போலவே தொழில் நடத்துவோமென்றும் ஹேர்ண்டனிடம் கூறினார். 1865ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆந் திகதி, கொலைஞனின் குண்டுக்கு இலக்காகி உயிர்நீத்தார். ஹேர்ண்டன் பல்லாண்டு செய்திகளைத் திரட்டி, 1889இல் அவர் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார்.

ஸ்ருவாட் வாயிலைத் திறந்தார். லோகன் தொழிலைக் கற்பித்தார். ஹேர்ண்டனுக்கு லிங்கன் அவ்விரண்டையுஞ் செய்தார். யாரை அடுப்பது என்று இன்று ஆராயும் எம்மிளைஞர், நாளை தம்மை நாடிவரும் இளையவர்க்கு இடமளிப்பதையும் மறவாதிருப்பாராக.