காலிக் கூட்டோடு ஒரு வாழ்நாள் மல்லுக்கட்டு... மவுசர் என்ற மனிதரின் கதை!

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ காலேஜ் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? அந்தப் பிள்ளை என்.சி.சி-யிலும் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழகியிருக்கும். கேம்ப் முடிந்து, வெயிலில் கறுத்துப்போய் வீட்டுக்குள் நுழையும். அழுக்குத் துணி மூட்டையை ஹாலிலேயே போட்டுவிட்டு, சாப்பிட உட்கார்ந்ததும் ஃபயரிங் கதையை ஆரம்பிக்கும். .22 ரைஃபிளோடு தரையில் படுத்தது, மூச்சை அடக்கியது, குறி பார்த்தது எல்லாம் வரும். கூடவே ஒரு புலம்பலும் வரும். ரெண்டாவது ரவுண்டு சுட்டு போல்ட்டை இழுத்தால் காலிக் கூடு வெளியே விழவே இல்லையாம். கையைத் தூக்கிவிட்டு, இன்ஸ்ட்ரக்டர் வரும்வரை அப்படியே படுத்துக் கிடந்ததாம்.

உங்கள் பிள்ளைக்கு அது ஒரு நிமிட எரிச்சல். ஆனால், எதிரே ஆள் ஓடி வரும்போது ஒரு சிப்பாய்க்கு அதே விஷயம் நடந்தால்? அந்த ஒரு நிமிடம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும். அதைத் தீர்ப்பதற்காகவே கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய மனிதர் ஒருவர் உண்டு. பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும்... மவுசர்!

பதிமூன்றாவது பிள்ளை

மவுசர் என்றால் துப்பாக்கி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு குடும்பப் பெயர். பீட்டர் பால் மவுசர் 1838-ம் ஆண்டு ஜூன் 27 அன்று, இன்றைய தென்மேற்கு ஜெர்மனியில், நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபெர்ன்டோர்ஃப் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் அவர் பதிமூன்றாவது பிள்ளை. அப்பா, அந்த ஊரில் ராஜாங்கம் நடத்திய துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் கிறிஸ்தவத் துறவிகளின் மடமாக இருந்த கட்டடத்தில்தான் அந்தத் தொழிற்சாலை ஓடியது.

பாலும் அதே தொழிலுக்குத்தான் வந்தார். 1859-ல் கட்டாய ராணுவ சேவைக்குப் போனபோதும், லுட்விக்ஸ்பர்க் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்க்கும் வேலையே அமைந்தது. நாலு வயது மூத்த அண்ணன் வில்ஹெல்ம் பேச்சுத் திறமை உள்ளவர், ஆட்களைப் பிடிப்பவர். தம்பி பட்டறையில், அண்ணன் பயணத்தில். இப்படித்தான் அந்த ஜோடி உருவானது.

காகிதம் போய் பித்தளை வந்தது

இங்கே ஒரு நிமிடம் நின்று, போல்ட் ஆக்‌ஷன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ரொம்ப சிம்பிள். நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரியேதான். கைப்பிடியைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே இறக்கு. இழுக்கும்போது காலிக் கூடு வெளியே போகும். தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே போகும்.

அந்தக் காலத்துப் பிரஷ்யப் படையிடம் இருந்த டிரைஸே துப்பாக்கியில் இந்தத் தொல்லையே இல்லை. தோட்டா காகிதத்தில் சுற்றியிருந்தது. சுட்டதும் காகிதம் எரிந்துவிடும், வெளியே எடுக்க எதுவும் மிஞ்சாது. பிறகு உலோகக் கூடு வந்தது. மழையில் நனையாது, வாயு பின்பக்கம் கசியாது. நல்ல விஷயம்தான். ஆனால், சுட்டவுடன் பித்தளை சூட்டிலும் அழுத்தத்திலும் விரிந்து, தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு அப்பிக்கொள்ளும். அந்த அறைக்கு சேம்பர் என்று பெயர். அடுத்த கணமே கூடு கொஞ்சம் சுருங்கும் என்றாலும், எண்ணெய் தடவாத தட்டில் இட்லி ஒட்டிக்கொள்வதுபோல, அழுக்கான சேம்பரில் அது விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அதை வெளியேற்ற ரெண்டு பேர் தேவை. ஒருவர் இழுப்பவர், அதுதான் எக்ஸ்ட்ராக்டர். கூட்டின் விளிம்பைக் கொக்கி போட்டுப் பிடித்துப் பின்னால் கொண்டுவருவார். இன்னொருவர் தள்ளுபவர், அதுதான் எஜெக்டர். பின்னால் வந்த கூட்டை எதிர்ப்பக்கத்தில் ஒரு தட்டு தட்டி வெளியே எறிவார். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மவுசரின் கதையே இவர்களைப் பற்றியதுதான்.

ஜெயித்த துப்பாக்கியில் ஒரு குறை

1867-ல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனியோடு தொடர்புடைய சாமுவேல் நாரிஸ் என்பவர் சகோதரர்களை பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்கு வரவழைத்தார். அடுத்த வருடம் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், வியாபாரம் கூடிவரவில்லை. ரெண்டு பேரும் ஊர் திரும்பினார்கள். அசராமல் பிரஷ்ய அதிகாரிகளிடம் மாதிரியைக் காட்டி, திருத்தி, மறுபடி காட்டி, கடைசியில் ஜெயித்தார்கள். மாடல் 1871 என்ற ரைஃபிள் ஜெர்மன் பேரரசின் படைக்குத் தேர்வானது. 1874-ல், அப்பா கூலிக்கு வேலை பார்த்த அதே ராஜாங்கத் தொழிற்சாலையைப் பிள்ளைகள் விலைக்கு வாங்கினார்கள். சினிமாவில் வந்தால் கைதட்டு விழும் காட்சி, இல்லீங்களா?

ஆனால், அந்த 1871 ரைஃபிளில் இழுப்பவர் இருந்தார், தள்ளுபவர் கிடையாது. போல்ட்டை இழுத்தால் காலிக் கூடு பின்னால் வந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். சிப்பாய்தான் துப்பாக்கியைச் சாய்த்துக் கீழே கொட்ட வேண்டும். பரேடு மைதானத்தில் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கை நடுங்கும் போர்க்களத்தில் பெரிய விஷயம்.

1882 ஜனவரியில் வில்ஹெல்ம் 47 வயதில் இறந்துபோனார். தம்பிக்கு அண்ணன் மட்டுமா போனார்? கம்பெனியின் வாயும் முகமும் போனது. ஆனாலும் பட்டறை நிற்கவில்லை. எட்டு தோட்டாக்களைக் குழாயில் அடுக்கும் 71/84 மாடல் வந்தது. அதில் எஜெக்டர் சேர்ந்தது. 1887-ல் துருக்கியிடமிருந்து லட்சக்கணக்கில் ஆர்டர் வந்தது. அதே வருடக் கடைசியில் கம்பெனியின் பெரும்பங்கு பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனத்துக்குக் கைமாறியது. சொந்தப் பெயரில் ஓடும் தொழிற்சாலையில் பால் மவுசர் தொழில்நுட்பத் தலைவராகத் தொடர்ந்தார். 1888-ல் ஜெர்மன் ராணுவம் அவரைக் கேட்காமலே ஒரு கமிஷன் வைத்துப் புது ரைஃபிள் தயாரித்துக்கொண்டது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை மனிதர். அதில் என்ன தப்பு என்று பார்த்தார்.

பயந்த கைக்கு ஒரு துப்பாக்கி

அவர் பார்த்த தப்பு இதுதான். பதற்றத்தில் இருக்கும் சிப்பாய் போல்ட்டை முழுசாக மூட மாட்டான். முக்கால்வாசி தள்ளிவிட்டு, சுட்டுவிட்டதாக நினைத்து மறுபடி இழுப்பான். கடைசியில் போல்ட் மூடும்போதுதான் கொக்கி விளிம்பைக் கவ்வும் என்றால், அந்தத் தோட்டா சேம்பரிலேயே நின்றுவிடும். அடுத்த தள்ளலில் ரெண்டாவது தோட்டா அதன் முதுகில் போய் முட்டும். துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். சுடவும் முடியாது, மூடவும் முடியாது.

1890-களின் தொடக்கத்தில் மவுசர் கண்டுபிடித்த தீர்வு, போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாகப் படுத்திருக்கும் ஓர் எஃகு நகம். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பு அந்த நகத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு விடவே விடாது. பாதியில் இழுத்தாலும் தோட்டா கூடவே வரும். சுட்ட பிறகு கைப்பிடியைத் தூக்கும்போதே, ஒரு சாய்வுத் தளம் போல்ட்டைச் சற்றுப் பின்னால் நெம்பி, ஒட்டிய கூட்டைத் தளர்த்தும். முழுசாக இழுத்ததும் இடப்பக்கம் காத்திருக்கும் தகடு கூட்டின் அடியில் மோதும். கூடு வலப்பக்கம் தெறித்து விழும்.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து கனிந்ததுதான் 1898 ஏப்ரலில் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட மாடல் 98. இந்த அமைப்பை அமெரிக்கா தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் எடுத்தாண்டு, 2 லட்சம் டாலர் உரிமைத்தொகை கொடுத்தது. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைஃபிளின் உள்ளேயும் மவுசரின் ஆக்‌ஷன்தான். அடிபட்ட புலி திரும்பி வரும்போது ரெண்டாவது தோட்டா உள்ளே போக வேண்டுமே!

1901-ல், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளைச் சோதித்தபோது நடந்த வெடிப்பில் மவுசர் ஒரு கண்ணை இழந்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வேலையை விடவில்லை.

உங்கள் ரைஃபிளில் கூடு வெளியே வரவில்லையா?

மவுசர் வழியிலேயே யோசித்துப் பாருங்கள். முதலில் துப்பாக்கியின் வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிகரை விட்டு வெளியே இருக்கட்டும், கையைத் தூக்குங்கள். பாக்கியெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் வந்த பிறகுதான்.

அப்புறம் ஒரே கேள்வி: கூடு எங்கே இருக்கிறது? சேம்பரிலேயே ஒட்டியிருந்தால் இழுப்பவர் மேல் சந்தேகம். கொக்கி தேய்ந்திருக்கலாம், அதன் அடியில் அழுக்கு அடைந்திருக்கலாம், சேம்பர் சுத்தமில்லாமல் இருக்கலாம். கூடு போல்ட்டோடு பின்னால் வந்து உள்ளேயே கிடந்தால் தள்ளுபவரைப் பாருங்கள். எஜெக்டர் ஓடும் பள்ளத்தில் பிசுக்கு சேர்ந்திருக்கலாம், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். சில புது ரைஃபிள்களில் எஜெக்டர் என்பது போல்ட்டின் முகத்தில் உள்ள ஒரு சின்ன ஊசி. பித்தளைத் தூளும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து அதை உள்ளேயே சிக்கவைத்துவிடும். கொக்கி கூட்டைத் தளர்வாகப் பிடித்திருந்தாலும் இதே கதைதான். தட்டு விழும் முன்பே கூடு நழுவிவிடும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கையைக் கவனியுங்கள். போல்ட்டை மெதுவாக, பயந்து பயந்து இழுத்தால் நிலையான தகடு உள்ள ரைஃபிளில் கூடு சோம்பலாகத்தான் விழும். முழுசாக இழுக்காவிட்டால் தகடு மோதவே மோதாது. புதுசாகச் சுடுகிறவர்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரே சீராக, உறுதியாக, கடைசிவரை இழுங்கள். மருந்தில்லாத டம்மி ரவுண்டு வைத்துப் பழகினால் கைக்குப் பழகிவிடும். சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதுதான் முறை. உள்ளே தோட்டா இருக்கும்போது கம்பியை விட்டு நோண்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

எம்டன் வந்த வருஷம்

1912-ல் வூர்ட்டம்பெர்க் ராஜா மவுசருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். 1914 மே 29 அன்று அவர் கண்ணை மூடினார். ரெண்டு மாதத்தில் முதல் உலகப்போர் மூண்டது. செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. பலர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். நவம்பரில், நம்ம பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-வது காலாட்படை கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறங்கியது. எதிரே ஜெர்மானியர்களின் ஆப்பிரிக்க சிப்பாய்களில் பெரும்பாலானோர் கையில் இருந்தது, கூட்டைச் சாய்த்துக் கொட்ட வேண்டிய அந்தப் பழைய 1871 வகைத் துப்பாக்கிதான். சுமார் எண்ணாயிரம் பேராகப் போன படை, சுமார் ஆயிரம் பேரிடம் தோற்றுத் திரும்பியது. குறையோடு விட்ட துப்பாக்கியே இவ்வளவு செய்தது. குறை தீர்ந்த 98, ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்தது என்று நினைத்துப் பாருங்கள். அதைப் பார்க்க மவுசர் இல்லை. பார்த்திருந்தால் அந்த ஒற்றைக் கண் என்ன நினைத்திருக்குமோ!

நடுங்கும் கையை மன்னிக்கும் ஒரு கருவியைச் செய்தார் அவர். அந்தக் கருவி எதிரே நிற்பவனை மன்னிக்கவில்லை. ரெண்டையும் சேர்த்துத்தான் அவரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேம்ப்புக்கு உங்கள் பிள்ளை கிளம்பும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். போல்ட்டைப் பயப்படாமல் கடைசிவரை இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போதும் துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.