பிறந்த மண்ணில் அந்நியராக்கப்பட்ட நடிகை

ஒரு நாட்டில் பிறந்து, அந்நாட்டு மொழியையே பேசி வளர்ந்த ஒருவரை முகத்தோற்றத்தைக் கொண்டு அந்நியராகக் கணிப்பது எத்துணை அநீதியானது என்பதற்கு, அமெரிக்கத் திரைப்பட நடிகை அனா மே வொங்கின் வாழ்வு தக்கதோர் உதாரணமாகும்.

1905 ஜனவரி 3 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சலவைத் தொழில் நடத்திய சீன வம்சாவளிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அவரது தந்தையாரும் அமெரிக்காவில் பிறந்தவரே. ஆனால், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்து 1882 இல் இயற்றப்பட்ட சட்டம் 1943 வரை நீடித்தது. அச்சட்டத்தை ஈன்ற வெறுப்புணர்வு திரைத்துறையையும் விட்டுவைக்கவில்லை.

ஆரம்பகால வர்ணப் படங்களுள் ஒன்றான 'த டோல் ஒஃப் த சீ'யில் 1922 இல் தமது 17 ஆவது வயதில் அவர் கதாநாயகியானார். 1924 இல் வெளியான 'த தீஃப் ஒஃப் பக்தாத்' அவருக்குப் பெரும் புகழை ஈட்டிக் கொடுத்தது. ஆயினும், அடிமைப் பெண், சூழ்ச்சிக்காரி, கைவிடப்பட்டு மடிபவள் ஆகிய வேடங்களே அவருக்குத் தொடர்ந்து ஒதுக்கப்பட்டன. மனம் சலித்த அவர் 1928 இல் ஐரோப்பா சென்று ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் வரவேற்பைப் பெற்றார். தாயகம் திரும்பியபின் 1932 இல் 'ஷங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லின் டீட்ரிச்சுடன் நடித்தார்.

பெரும் ஏமாற்றம் இதன் பின்னரே காத்திருந்தது. சீன விவசாயக் குடும்பமொன்றின் கதையான 'த குட் ஏர்த்' படமாக்கப்பட்டபோது, நாயகன் வேடம் வெள்ளையரான போல் முனிக்கு வழங்கப்பட்டது. வெள்ளையர் ஒருவரின் மனைவியாகச் சீனப் பெண் நடிப்பதற்கு அன்றைய தணிக்கை நடைமுறையும் சமூகத் தப்பெண்ணமும் இடமளிக்கவில்லை. சீனப் பெண்ணாக ஒப்பனை செய்துகொண்ட லூயிஸ் ரெய்னர் அவ்வேடத்திற்காக ஒஸ்கார் விருதையும் வென்றார். வொங்கிற்கு முன்வைக்கப்பட்டதோ குடும்பத்தைக் குலைக்கும் பெண்ணின் வேடம். அதனை அவர் மறுத்துவிட்டார்.

1936 இல் மூதாதையர் நாடான சீனாவுக்குச் சென்றபோது, சீனரை இழிவுபடுத்தும் வேடங்களில் நடித்தவரென அங்கும் கண்டனங்களுக்கு ஆளானார். எனினும், யுத்த காலத்தில் சீன மக்களுக்கான நிவாரணப் பணிகளில் அவர் மனமுவந்து ஈடுபட்டார்.

1961 பெப்ரவரி 3 ஆம் திகதி, 56 ஆவது வயதில் அவர் காலமானார். 2022 இல் அமெரிக்கா கால் டொலர் நாணயத்தில் அவரது உருவத்தைப் பொறித்தது. இக்கௌரவத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், ஒரு கலைஞருக்கு வாழுங்காலத்தில் மறுக்கப்பட்ட வாய்ப்பை இறந்து 61 ஆண்டுகளின் பின் வெளியிடப்படும் நாணயம் ஈடுசெய்துவிடாது என்பதையும் மறந்துவிடலாகாது.