திமிரியா, பாரியா? ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுகளில் ஒலிப்பது எந்த நாகஸ்வரம்?

முகூர்த்த நாளில் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடிந்ததிலிருந்தே மலையடிவாரம் முழுக்கக் கல்யாணக் கூட்டம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தபடி அதற்குள் நுழைந்து போகும். அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்பது நாகஸ்வரம்தான். வாசிப்பவர் கையில் இருப்பது நீளமான வாத்தியம். சத்தம் கனமாக இருக்கும், காதைத் துளைக்காது.

நாகஸ்வரம் என்றாலே இதுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் ஒலித்தது இது இல்லை. அது திமிரி: குட்டையானது, சுருதி உயர்ந்தது. இன்று கேட்பது பாரி: நீளமானது, சுருதி தாழ்ந்தது. இரண்டுக்கும் நடுவில் இடைப்பாரி என்று ஒன்றும் உண்டு. திமிரி ஒதுங்கி பாரி நிலைத்ததற்கு முக்கியக் காரணம் ஒரு மனிதர், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

அதனால்தான் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது, இதில் அவர் வாசிப்பது எந்த நாயனம் என்ற கேள்வி எழுகிறது. இப்படிக் கேட்பது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் பெடல் ஸ்டீல் கிட்டார் ரசிகர்களும் பழைய ரெக்கார்டுகளை வைத்துக்கொண்டு பிக்ஸ்பியா, ஷோ-பட்டா, எம்மன்ஸா என்று விவாதிப்பார்கள். அங்கே அது தயாரிப்பாளர் யார் என்ற கேள்வி. இங்கே விஷயம் கொஞ்சம் பெரிது. எந்த நாயனம் என்று தெரிந்தால், அந்தக் கலைஞர் தெருவுக்காக வாசித்தாரா, மேடைக்காக வாசித்தாரா என்பதும் ஓரளவு பிடிபடும்.

பாட்டுப் படித்த நாயனக்காரர்

1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்தவர் ராஜரத்தினம். பெற்றோர் குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தந்தை சீக்கிரமே இறந்துவிட, தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் நிற்கும் 'என்' அந்த நடேசரைக் குறிப்பதுதான். மாமா திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகஸ்வர வித்வான். பிற்காலத்தில் ராஜரத்தினமும் அதே ஆதீனத்தின் வித்வான் ஆனார்.

நாயனத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளை போன்றவர்களிடம் கற்றார். அதற்கு முன்பே பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டு கற்றிருந்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டைப் படித்துவிட்டு வாத்தியத்தைக் கையில் எடுத்தவர் என்பதால், தொண்டையில் வருவது குழலிலும் வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். திமிரியோ நான்கு, ஐந்து கட்டையில் கத்தும் வாத்தியம். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்துச் சொல்லும் கணக்கு. எண் ஏற ஏறச் சுருதி உயரும்.

திமிரி அப்படிக் கத்தியதற்கும் காரணம் உண்டு. மைக் இல்லாத காலம். சுவாமி நான்கு மாட வீதி வலம் வரும்போது கடைசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு உயர்ந்த சுருதிதான் சரி. நான்கு சுவருக்குள், ஒலிபெருக்கி வைத்த சபாவில், இரண்டு மணி நேரம் ஆலாபனை செய்ய அது தோதுப்படாது. ராஜரத்தினம் போக நினைத்த இடம் சபா.

அங்கே போவதற்கு வாத்தியத்தை மட்டும் மாற்றினால் போதாது. அன்றைக்கு நாயனக்காரர் என்றால் மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசிக்க வேண்டும். பாட்டுக் கச்சேரி வித்வானுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்குக் கிடையாது. ராஜரத்தினம் குடுமியை எடுத்து கிராப் வைத்தார், கோட்டு போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். கூடவே சுருதிக்கு ஊதும் ஒத்தை விலக்கிவிட்டு தம்புராவை வைத்துக்கொண்டார். திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தத் திமிர் இல்லாமல் இது நடந்திருக்காது.

நரசிங்கம்பேட்டையில் நடந்தது

நீளமான நாயனத்தை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியில்லை. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் பாரி நாயனத்துக்கென்றே தனி மரபு இருக்கிறது. சிக்கல் நீளத்தில் இல்லை, மத்திமத்தில் இருந்தது. நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே இருக்கும் ஐந்து துளைகள் சுருதியைச் சரிசெய்ய. சாவி, பொத்தான் எதுவும் கிடையாது. பழைய வாத்தியங்களில் இயல்பாக விழுந்தது பிரதி மத்திமம். சுத்த மத்திமம் வேண்டுமானால் துளையைப் பாதி மூடி, மூச்சை அடக்கிக் கொண்டுவர வேண்டும். ஓட்டத்தில் வந்துபோகும் இடம் என்றால் சமாளித்துவிடலாம். நீட்டி நிறுத்த வேண்டும் என்றால் சிரமம்.

ராஜரத்தினம் என்றாலே தோடி. தோடிக்கு வேண்டியது சுத்த மத்திமம். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராகத்தின் ஒரு முக்கிய சுரத்துக்காக ஒவ்வொரு முறையும் வாத்தியத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. நாயனம் கடையும் ஆசாரிமார்களின் ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி, பிள்ளையின் தேவைக்கேற்பத் துளைகளின் அளவையும் இடத்தையும் மாற்றி, சுத்த மத்திமம் நேராகப் பேசும் பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். மரம் ஆச்சா. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல காலம் காய்ந்து இறுகிய கட்டைகளுக்கே மவுசு. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வழி சுருதி. ஆர்மோனியத்தையோ போனில் இருக்கும் சுருதிப் பெட்டியையோ வைத்து ஆதார ஷட்ஜத்தைப் பிடித்தால், இரண்டு, இரண்டரை கட்டை என்றால் பாரி, நான்குக்கு மேலே என்றால் திமிரி. கேட்க எளிது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது.

அந்தக் கால இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று என்பார்கள். நடைமுறையில் 76, 80 என்று முன்பின் ஆகும். 76இல் பதிந்ததை 80இல் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியவர் வேகத்தைக் குறித்து வைக்கவில்லை என்றால், கேட்பவர் காதுக்கு வருவது பிள்ளை வாசித்த சுருதி இல்லை.

அப்படியானால் சுருதியை நம்பவே முடியாதா? அதுவும் இல்லை. இரண்டரை கட்டைக்கும் நாலரை கட்டைக்கும் மூன்று அரைச்சுரம் வித்தியாசம். ஒரு பாரியைத் திமிரி போலக் காட்ட வேண்டுமானால் 78 சுற்றுத் தட்டை 93 அளவில் சுழற்ற வேண்டும். அப்படிச் செய்தால் தவில் தகர டப்பா போலக் கேட்கும், பிருகாக்கள் மனுஷன் வாசிக்க முடியாத வேகத்தில் ஓடும். யாரும் ஏமாற மாட்டார்கள். வேகக் கோளாறு குழப்புவது பாரிக்கும் இடைப்பாரிக்கும் நடுவில், அல்லது இடைப்பாரிக்கும் திமிரிக்கும் நடுவில்தான்.

அந்த இடத்தில் மற்ற தடயங்கள் உதவும். தோடியில் மத்திமத்தில் அவர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அசையாமல், மூச்சை இறுக்கிப் பிடிக்கும் நெருக்கடி இல்லாமல் நிற்கிறது என்றால் சுத்த மத்திமம் பேசும் நாயனமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பழைய வாத்தியத்திலேயே அதைச் சாதிக்கும் கை அது. பின்னால் ஒத்தின் இடைவிடாத ரீங்காரமா, தம்புராவின் மீட்டலா என்பது இன்னொரு தடயம். ஒத்து கேட்டால் பழைய பாணி. புகைப்படங்களில் வாத்தியத்தின் நீளம் தெரியும். ஆனால் படம் எடுத்த தேதியும் தட்டு பதிந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் அதற்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டார். சுருங்கிய அந்தத் துண்டுகளே ஊர் ஊராகப் போய் அவருடைய பேரைப் பரப்பின. ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் பிருகாப் பாட்டில் ராஜரத்தினத்தின் நாயனம் கேட்கும் என்பது ரசிகர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். வாத்தியத்தில் பாட்டைக் கொண்டுவர நினைத்தவரின் வாசிப்பு, கடைசியில் ஒரு பாடகரின் பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

சினிமாவையும் அவர் விடவில்லை. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' (1940) படத்தில் காளமேகப் புலவராக நடித்தார். 1947 ஆகஸ்டில் செங்கோலோடு டெல்லி போன ஆதீனக் குழுவில் நாயனம் வாசிக்கப் போனவரும் அவர்தான். 1956 டிசம்பர் 12 அன்று, 58 வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் பாரியை வீடுவீடாகக் கொண்டுபோனவர் சீடர் காருகுறிச்சி அருணாசலம். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் வாசித்த 'சிங்கார வேலனே' ஆபேரி ராகம். அதிலும் சுத்த மத்திமம்தான். இன்று திமிரியைக் கேட்பதே அரிது. பழைய தட்டுகள்தான் அதற்குச் சாட்சி. அந்தத் தட்டுகளை இணையத்தில் ஏற்றும் சிலர், கேட்க இதமாக இருக்கட்டும் என்று சுருதியை இறக்கி இன்றைய பாரிக்குச் சமமாக்கிவிடுகிறார்கள். தட்டு எந்த வேகத்தில் சுழன்றது, சுருதியில் கை வைத்தார்களா என்பதை ஒரு வரியில் எழுதிவைத்தாலே போதும், திமிரி எது, பாரி எது என்று பிற்பாடு கேட்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.